பட்டாளத்தைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடாதீர்!

“இந்த நாடு உருப்பட வேண்டுமானால் பத்து வருஷம் மிலிட்டரி ஆட்சி வரவேண்டும்!”

இந்த வாக்கியத்தைக் காதில் வாங்காத தமிழர் தில்லியில் ஒருவரும் இருக்க முடியாது. புசா ரோட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நிற்கும் இடத்தில் கேட்கிறோம். கரோல் பாக்கில் காய்கறி வாங்கும் இடத்தில் கேட்கிறோம். சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும் நேரத்திலும் கேட்கிறோம். தேர்தல் முடிவு தகராறில் சிக்கும் ஒவ்வொரு தடவையும் இந்தப் பேச்சுக்குச் சுருதி ஏறிவிடுகிறது. “ஜெயித்தவனும் திருடன், தோற்றவனும் திருடன். பட்டியலில் பெயர் இல்லை, எண்ணிக்கையில் நம்பிக்கை இல்லை. பட்டாளத்துக்காரன் வந்து நாலு பேரை நிமிர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும்” என்கிறார்கள்.

சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். முப்பது ஆண்டு சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள். சொந்தக் கையால் சம்பாதித்து வீடு கட்டியவர்கள். நம் அண்ணன்மார், நம் மாமாமார். அதனால்தான் இதை எழுதுகிறோம். எதிரி சொன்னால் அலட்சியம் செய்துவிடலாம். வீட்டுக்குள் இருப்பவர் சொன்னால் பதில் சொல்லத்தான் வேண்டும்.

நம் பதில் இதுதான்: தேர்தல் தகராறு என்பது ஓட்டுப் போட்டவர்களின் தகராறு. அதைப் பட்டியலிலும் எண்ணும் மேசையிலும் நீதிமன்றத்திலும் தீர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே தீராமல் விட்டால் துப்பாக்கி தீர்ப்புச் சொல்ல வரும். அப்படி வந்த இடத்திலெல்லாம் முதலில் அடிபட்டவர்களில் பிழைக்கப் போன நம்மவரும் இருந்திருக்கிறார்கள்.

நம் வாசலில் நடந்தது

வெகுதூரம் போக வேண்டாம். புசா ரோட்டிலிருந்து பஸ் ஏறினால் அரைமணி நேரத் தொலைவில் ராம்லீலா மைதானம் இருக்கிறது. அங்கே 1975 ஜூன் 25ஆம் நாள் மாலையில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஜூன் 12ஆம் நாள், அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன் லால் சின்ஹா ஒரு தீர்ப்பு வழங்கினார். 1971இல் ரே பரேலி தொகுதியில் இந்திரா காந்தி பெற்ற வெற்றி செல்லாது என்றார். ஆறாண்டு தேர்தலில் நிற்கக் கூடாது என்றார். வழக்குத் தொடுத்த ராஜ் நாராயண் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் தோற்றவர். நிரூபணமான குற்றங்கள் பெட்டியைத் தூக்கிய குற்றங்கள் அல்ல. சர்க்கார் ஊழியராக இருந்த யஷ்பால் கபூரைத் தேர்தல் வேலையில் ஈடுபடுத்தியது. மாநில அரசு அதிகாரிகளைக் கொண்டு கூட்டத்துக்கு மேடையும் மின்சார வசதியும் செய்துகொண்டது. ஜூன் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் நிபந்தனையுடன் கூடிய தடை கொடுத்தார்: பிரதமராக நீடிக்கலாம், நாடாளுமன்றத்தில் ஓட்டுப் போடக் கூடாது. வழக்கு தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. பொறுத்திருந்தால் போதும்.

பொறுக்கவில்லை. மறுநாள் மாலை ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் பேசினார். சட்டத்துக்குப் புறம்பான உத்தரவுகளுக்குப் பணிய வேண்டாம் என்று படையினரையும் போலீசாரையும் கேட்டுக்கொண்டார். அன்றிரவே குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். தில்லிப் பத்திரிகை அலுவலகங்களுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. விடிவதற்குள் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். வானொலியில் பிரதமர் சொன்ன காரணங்களில் ஒன்று, படைகளைக் கலகத்துக்குத் தூண்டுகிறார்கள் என்பது.

இங்கே நாம் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். ஜெ.பி. பட்டாள ஆட்சி கேட்கவில்லை. அவருடைய தியாகத்தை நாம் குறைத்துப் பேசவும் மாட்டோம். ஆனால் எது சட்டப்படியான உத்தரவு, எது இல்லை என்பதைச் சிப்பாய் நின்று யோசித்து முடிவு செய்யட்டும் என்று அரசியல் மேடையிலிருந்து கேட்பது ஆபத்தான கேள்வி. இன்று நல்ல காரணத்துக்குக் கேட்டால், நாளை கெட்ட காரணத்துக்கு இன்னொருவர் கேட்பார். அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு நாட்டையே பூட்டிய ஆட்சியோ அதைவிடப் பெரிய பாவம் செய்தது. பட்டாளத்தின் பெயரைச் சொல்லிப் பயம் காட்டி, பட்டாள ஆட்சியில் நடப்பதையெல்லாம் போலீசைக் கொண்டே நடத்திக் காட்டியது. விசாரணையின்றி ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் காவலில் வைக்கப்பட்டார்கள். 1976 ஏப்ரலில் துர்க்மான் கேட்டில் வீடுகள் இடிக்கப்பட்டன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும்படி பள்ளி ஆசிரியர்கள் விரட்டப்பட்டார்கள். 1976 ஜனவரி 31ஆம் நாள் தமிழ்நாட்டில் கலைஞரின் ஆட்சி கலைக்கப்பட்டது. சென்னை மத்திய சிறையில் வாங்கிய அடியால் சிட்டிபாபு உயிரிழந்தார்.

பிரதமரின் தேர்தலை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்று 1975 ஆகஸ்டில் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். சட்டத்தைப் பின்தேதியிட்டு மாற்றியதால் நவம்பர் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் இந்திராவின் தேர்தல் செல்லுபடியாயிற்று. ஆனால் விசாரணையே கூடாது என்ற அந்தப் பிரிவை அதே நீதிமன்றம் அடித்துப் போட்டது. ஒரு தேர்தல் வழக்கைத் தாங்கிக்கொள்ளும் பொறுமை ஆட்சிக்கு இல்லாமற் போனதற்கு இந்த நாடு கொடுத்த விலை இருபத்தோரு மாதம்.

ஒரே மாதம், இரண்டு தேர்தல்

1977 மார்ச் மாதத்தை மறக்கக் கூடாது. அந்த ஒரே மாதத்தில் பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் தேர்தல் நடந்தது.

பாகிஸ்தானில் மார்ச் 7ஆம் நாள் வாக்குப்பதிவு. 200 இடங்களில் பூட்டோவின் கட்சிக்கு 155; எதிர்க்கட்சிக் கூட்டணிக்கு 36. மோசடி என்று எதிர்க்கட்சிகள் கொதித்தெழுந்தன. மூன்று நாள் கழித்து நடந்த மாகாணத் தேர்தலைப் புறக்கணித்தன. தெருவெல்லாம் ரத்தம். புகாரை விசாரித்து எல்லோரும் ஏற்கும்படி தீர்ப்புச் சொல்ல ஒரு மேடை அங்கே இல்லை. ஏப்ரலில் பூட்டோ செய்தது என்ன? கராச்சி, லாகூர், ஹைதராபாத் ஆகிய மூன்று நகரங்களில் இராணுவச் சட்டத்தை அவரே கொண்டுவந்தார். எதிர்த் தரப்பில் அஸ்கர் கான் செய்தது என்ன? ஆட்சிக்குப் பணிய வேண்டாம் என்று படை அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். இரு தரப்பும் ஒரே கதவைத்தான் தட்டின. கதவு திறந்தது. ஜூலை 5ஆம் நாள் விடியற்காலை, பேச்சுவார்த்தையில் உடன்பாடு நெருங்கிவந்த வேளையில், ஜெனரல் ஜியா உல் ஹக் நாட்டை எடுத்துக்கொண்டார். மூத்த தளபதிகள் பலரைத் தாண்டி அவரைத் தலைமைத் தளபதியாக்கியவர் இதே பூட்டோதான்!

தொண்ணூறு நாளில் தேர்தல் நடத்துகிறேன் என்றார் ஜியா. கட்சிகளே இல்லாத ஒரு தேர்தல் நடந்தது 1985இல். பூட்டோ 1979 ஏப்ரல் 4ஆம் நாள் தூக்கில் தொங்கினார். 1988 ஆகஸ்டில் விமானம் விழுந்து ஜியா இறந்தபிறகுதான் நாட்டுக்கு மூச்சு வந்தது. தொண்ணூறு நாள், பதினோரு ஆண்டு! “பத்து வருஷம் வரட்டும்” என்கிற நண்பர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். பட்டாளத்திடம் நாம் தவணை சொல்ல முடியாது. தவணை சொல்கிறவர் அவர்.

இந்தியாவில் அதே மார்ச் 16 முதல் 20 வரை வாக்குப்பதிவு. ரே பரேலியில் அதே ராஜ் நாராயணிடம் இந்திரா காந்தி 55,202 வாக்குகளில் தோற்றார். அந்த முடிவை அறிவித்தவர் அவருடைய ஆட்சியில் சம்பளம் வாங்கிய ஓர் அதிகாரி. மார்ச் 21இல் நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. மறுநாள் பிரதமர் ராஜிநாமா கொடுத்தார். 24ஆம் நாள் மொரார்ஜி தேசாய் பதவியேற்றார். இருபத்தோரு மாதம் நாட்டைச் சிறை வைத்தவர் ஓட்டுக்குப் பணிந்து வீட்டுக்குப் போனார்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? நம் ஜனங்கள் உயர்ந்தவர்கள், அவர்கள் தாழ்ந்தவர்கள் என்பதாலா? இல்லவே இல்லை. இங்கே ஓட்டு எண்ணும் மேசை உடையாமல் இருந்தது. பட்டாளம் அந்த மேசைக்கு அருகே வர ஒருவரும் வழிவிடவில்லை. தீன் மூர்த்தி மாளிகை வெள்ளைக்காரன் காலத்தில் பிரதம சேனாதிபதியின் வீடு. சுதந்திரம் வந்தபின் அதில் நேரு குடியேறினார். படைத் தலைவர்களுக்கு இருந்த பிரதம சேனாதிபதி என்ற பட்டத்தை 1955இல் எடுத்தே விட்டார்கள். சிப்பாய் மந்திரிக்குப் பதில் சொல்வான், மந்திரி நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்வார், நாடாளுமன்றம் ஜனங்களுக்குப் பதில் சொல்லும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் புசா ரோட்டுக்கும் ராவல்பிண்டிக்கும் தூரம் அதிகமில்லை.

நம்மவர் கண்ட பட்டாள ஆட்சி

பாகிஸ்தான் கதை நமக்கு எதற்கு என்பவர்கள், சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே நடந்து பார்க்கட்டும். பர்மா பஜார் என்று எதற்குப் பெயர் வந்தது? அத்தோவும் மொய்ங்காவும் யார் கொண்டுவந்த தின்பண்டம்?

பர்மாவில் 1958இல் ஆளும் கட்சி இரண்டாக உடைந்தது. சண்டையைத் தீர்க்க முடியாத பிரதமர் ஊ நூ, தேர்தல் நடத்தும் வரைக்கும் என்று ஆட்சியை ஜெனரல் நே வின்னிடம் ஒப்படைத்தார். நே வின்னும் சொன்னபடி 1960இல் தேர்தல் நடத்தினார். ஊ நூ ஜெயித்தார். ஆட்சியைத் திருப்பிக் கொடுத்தார். எல்லோரும் மெச்சினார்கள். விருந்தாளியாக வந்தவர் வீட்டின் வழியைத் தெரிந்துகொண்டு போனார் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. 1962 மார்ச் 2ஆம் நாள் கூப்பிடாமலே வந்தார். போனது 1988இல்.

இடையில் என்ன நடந்தது? 1964இல் கடைகள் தேசியமயமாயின. அதே ஆண்டு மே மாதம் ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் ஒரே நாளில் வெறுங் காகிதமாயின. மூன்று தலைமுறை உழைத்த தமிழர்கள், வட்டித்தொழில் செய்தவர் முதல் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் வரை, கப்பல் கப்பலாகச் சென்னையில் வந்து இறங்கினார்கள். நகைக்குத் தடை, பணத்துக்குத் தடை. உடுத்த துணியோடு வந்தவர்கள் எத்தனையோ பேர். திரும்பிப் போய்விடலாம் என்று மணிப்பூர் வழியாகத் தரைமார்க்கம் போனவர்களும் உண்டு. எல்லையில் தடுக்கப்பட்டு மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்க் கோயில் இருக்கிறது. நாடற்றுப் போனதன் அடையாளமாக அது நிற்கிறது.

பர்மாத் தமிழன் எந்தக் கட்சிக்கு எதிரி? எவர் ஓட்டைத் திருடினான்? ஒன்றுமில்லை. ஓட்டுக்கு மதிப்பு இருந்தவரை அவனிடமும் வந்து கேட்க ஒருவர் இருந்தார். துப்பாக்கி வந்தபின் அவனிடம் கேட்க எவருக்கும் தேவை இல்லாமற் போயிற்று.

பிஜித் தீவைப் பாருங்கள். கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தென்னிந்தியர் 1903 முதல் போய்ச் சேர்ந்த நாடு அது. அவர்கள் 1926இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிக்கூடங்கள் நடத்திவருகிறது. 1987 ஏப்ரலில் நடந்த தேர்தலில், இந்தியர்களின் ஆதரவு பெற்ற கூட்டணி ஜெயித்தது. பிஜியரான பவாத்ரா பிரதமரானார். இது இந்தியர் ஆட்சி என்று கூச்சல் எழுந்தது. ஒரு மாதமே ஆட்சி. மே 14ஆம் நாள் கர்னல் ரம்புகாவின் சிப்பாய்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். அதன்பின் இந்திய வம்சத்தவர் ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் மறுபடி கப்பலேறாத குறையாகப் பிரிந்து போனார்கள்.

பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2020 நவம்பரில் மியன்மாரில் ஆங் சான் சூ கியின் கட்சி தேர்தலில் நின்ற 476 இடங்களில் 396 பிடித்தது. வாக்காளர் பட்டியலில் லட்சக்கணக்கில் பிழை என்றது இராணுவம். தேர்தல் ஆணையம் அதை மறுத்தது. புதிய நாடாளுமன்றம் கூடவேண்டிய 2021 பிப்ரவரி 1ஆம் நாள் விடியற்காலை இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஓராண்டு அவசர நிலை என்றார்கள். நான்கரை ஆண்டு இழுத்தார்கள். உள்நாட்டுப் போரில் ஊர்கள் எரிந்தன. தென்கொரியாவில் 2024 டிசம்பர் 3ஆம் நாள் இரவு இராணுவச் சட்டம் அறிவித்த ஜனாதிபதி யூன், சிப்பாய்களை நாடாளுமன்றத்துக்கு மட்டும் அனுப்பவில்லை. தேர்தல் ஆணைய அலுவலகத்துக்கும் அனுப்பினார். தேர்தலில் மோசடி என்பதுதான் அவர் சொன்ன சாக்கு. உறுப்பினர்கள் இரவோடிரவாக ஓடிவந்து 190 ஓட்டுப் போட்டு அதைத் தோற்கடித்தார்கள். ஜனங்கள் வாசலில் நின்றார்கள். அரசியல் சட்ட நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. பட்டாளத்தை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் உள்ள நாடு பிழைத்தது.

இரண்டு மறுப்புகள்

“வங்கதேசத்தில் 2007இல் பட்டாளத்தின் துணையோடு ஓர் அரசு வந்து, பட்டியலைச் சுத்தம் செய்து, 2008 டிசம்பரில் தேர்தல் நடத்திக் கொடுத்ததே?” என்று கேட்பார்கள். உண்மை. மறுக்கமாட்டோம். ஆனால் மூன்று மாதத்தில் தேர்தல் நடத்தவேண்டிய இடைக்கால அரசு அங்கே இரண்டாண்டு இருந்தது. இரண்டு பெரிய கட்சித் தலைவிகளும் சிறைக்குள் இருந்தார்கள். நல்ல உதாரணம் என்று எடுத்துக்காட்டுவதே இதுவானால் கெட்டது எப்படி இருக்கும்?

“சிவிலியன் ஆட்சியில்தானே எமர்ஜென்ஸி வந்தது? அதைவிடப் பட்டாளம் மோசமா?” என்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் எமர்ஜென்ஸி நடத்தியவருக்கு மறுபடி ஓட்டுக் கேட்டு ரே பரேலிக்குப் போகவேண்டிய கட்டாயம் இருந்தது. நே வின்னுக்கு அது இல்லை. ஜியாவுக்கு அது இல்லை. இருபத்தோரு மாதத்துக்கும் இருபத்தாறு ஆண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கட்டாயத்தில் இருக்கிறது.

பட்டாளத்துக்காரர்மேல் நமக்கு வெறுப்பு ஏதும் கிடையாது. மதராஸ் ரெஜிமெண்டில் நம் ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பனியில் நின்று எல்லை காப்பவனை நாம் வணங்குகிறோம். உத்தரவுக்குக் கட்டுப்படுவதுதான் அவன் ஒழுக்கம். அவனையே உத்தரவு போடுகிறவனாக ஆக்கினால் அந்த ஒழுக்கம் என்ன ஆகும்? அரசியல்வாதியின் அழுக்கைக் கழுவ அவனைக் கூப்பிடுகிறவர், அவன் சீருடையிலும் அழுக்குப் பூசுகிறார்.

வியாதி எங்கே?

பட்டாளம் வேண்டும் என்ற பேச்சுக்கு வேர் எது? தகராறு தீராமல் இழுபடுவதே வேர். தேர்தல் வழக்கை முடிவு வந்த 45 நாளுக்குள் தொடுக்க வேண்டும். ஆறு மாதத்தில் முடிக்க உயர்நீதிமன்றம் முயலவேண்டும். இது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்வது. நடப்பது என்ன? ரே பரேலி வழக்கில் தீர்ப்பு வர நான்காண்டு ஆயிற்று. 1971இன் குற்றத்துக்கு 1971லேயே தீர்ப்பு வந்திருந்தால் நாட்டின் சரித்திரம் வேறாக இருந்திருக்கலாம்.

நம் தமிழ்நாட்டில் இராதாபுரம்: 2016இல் 49 வாக்கு வித்தியாசத்தில் இன்பதுரை ஜெயித்தார். தபால் வாக்குகளைத் தவறாகத் தள்ளினார்கள் என்று அப்பாவு வழக்குத் தொடுத்தார். 2019 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் மறுபடி எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. 2021இல் சட்டசபையின் ஆயுளே முடிந்துவிட்டது. யார் ஜெயித்தார் என்று தெரியாமலே ஒரு தொகுதி ஐந்தாண்டு உறுப்பினர் வைத்திருந்தது! எந்தக் கட்சிக்காகவும் இதைச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட தாமதம் ஒவ்வொன்றும் “மிலிட்டரி வரட்டும்” என்கிறவர் வாயில் ஒரு வார்த்தையைப் போடுகிறது.

பட்டியலும் அப்படியே. 2025இல் பீகாரில் தீவிரத் திருத்தம் என்று வரைவுப் பட்டியலிலிருந்து ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. கூலி வேலைக்கு வெளியூர் போனவன் நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவன் ஆகிவிடுவான் என்ற அச்சம் எழுந்தது. விடுபட்ட பெயர்களைக் காரணத்தோடு வெளியிடும்படி உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் உத்தரவிட்டது. தகராறு போகவேண்டிய இடத்துக்குப் போயிற்று. பதில் ஓரளவுக்காவது வந்தது. இதுதான் வழி. மெதுவான வழி, எரிச்சலூட்டும் வழி, ஆனால் திரும்பி வரக்கூடிய வழி.

இதில் நம் குற்றமும் உண்டு. ஊரில் ஓர் ஓட்டு, தில்லியில் ஓர் ஓட்டு என்று இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருப்பவர் நமக்குள் இல்லையா? சட்டம் அதை அனுமதிக்கவில்லை. நாமே பட்டியலைக் கெடுத்துவிட்டு, பட்டியல் மோசம் என்று பட்டாளத்தைக் கூப்பிடுவது என்ன நியாயம்? இன்னொரு பக்கம், 2025 ஜூன் 1ஆம் நாள் ஜங்புரா மதராசி கேம்ப் இடிக்கப்பட்டபோது சிதறிப்போன நம் ஜனங்களின் ஓட்டு எந்த விலாசத்தில் இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்?

ஆகவே நண்பர்களே, நாம் செய்யவேண்டியவை இவை.

உங்கள் பெயர் ஓர் இடத்தில், ஒரே இடத்தில், இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டு வேலைக்கார அம்மாவின் பெயரையும் பாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுங்கள்.

தேர்தல் வழக்குகளை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று உங்கள் தொகுதி உறுப்பினரிடம், அவர் எந்தக் கட்சியானாலும், எழுதிக் கேளுங்கள்.

தோற்ற கட்சி மோசடி என்றால் ஆதாரத்தோடு நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லுங்கள். ஜெயித்த கட்சி விசாரணைக்கு அஞ்சினால் ஏன் அஞ்சுகிறாய் என்று கேளுங்கள். இருவரில் எவர் சிப்பாயின் பெயரை எடுத்தாலும் அவருக்கு நம் ஓட்டு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

கடைசியாக, காப்பி குடிக்கும் இடத்தில் அடுத்த முறை அந்த வாக்கியம் காதில் விழுந்தால் சிரித்துவிட்டு நகராதீர்கள். “அண்ணே, மோரேயில் நம்மவர் ஏன் இருக்கிறார்கள் தெரியுமா?” என்று கேளுங்கள். தெரியாது என்றால் உட்கார்ந்து சொல்லுங்கள். பிழைக்க வந்த ஊரில் ஒரு மனிதனுக்கு இருக்கும் சொத்து, அவனிடமும் வந்து ஓட்டுக் கேட்கவேண்டியிருக்கிறது என்பது ஒன்றுதான். அதை நம் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லலாமா?